டுடோரியலை விடுங்கள், ரஷ்ஷைத் தேடுங்கள்

தண்டையார்பேட்டையிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். பழைய வண்ணாரப்பேட்டையில் கல்யாண வீடியோ கடையில் வேலை. எடியஸ் என்ற எடிட்டிங் சாஃப்ட்வேர் கைக்குப் பழகிவிட்டது, பிரீமியர் என்ற இன்னொன்றும் ஓரளவு தெரியும். ஆனால் இரண்டு பேர் பேசிக்கொள்கிற ஒரு சீனைக் கொடுத்தால் எங்கே வெட்டுவது என்று புரியவில்லை. இன்ஸ்டிட்யூட்டில் சேரப் பணமில்லை, வீட்டில் இருப்பது 8 ஜிபி ராம் லேப்டாப், ஆங்கிலம் சுமார். இணையத்திலேயே எடிட்டிங் கற்க எதைப் பார்க்கலாம், கடைசியில் சான்றிதழ் ஏதாவது கேட்பார்களா என்பது கேள்வி.

தம்பி, பாதி பதிலை நீங்களே சொல்லிவிட்டீர்கள். பட்டன் தெரியும், வெட்டத் தெரியவில்லை. யூடியூபில் எடிட்டிங் என்று தேடினால் வருவதில் பெரும்பகுதி பட்டன் பாடம்தான். டிரான்சிஷன், டெக்ஸ்ட் அனிமேஷன், பத்து நிமிடத்தில் சினிமாட்டிக் லுக் என்று போய்க்கொண்டே இருக்கும். அதெல்லாம் தேவைப்படும் அன்று தேடிப் பார்த்துக்கொள்ளலாம். நீங்கள் தேட வேண்டியவை வேறு. யாரோ எடுத்து வைத்த, இன்னும் வெட்டாத மூலக் காட்சிகள், அதாவது ரஷ் வேண்டும். அப்புறம், ஒரு எடிட்டர் தான் ஏன் அங்கே வெட்டினேன் என்று வாய் திறந்து சொல்கிற பேச்சு வேண்டும். இரண்டுமே இணையத்தில் இருக்கின்றன. தேடுகிறவர்கள்தான் குறைவு.

முதலில் சாஃப்ட்வேர் பேச்சை முடித்துவிடுவோம். பிளாக்மேஜிக் நிறுவனத்தின் டாவின்சி ரிசால்வ் என்ற எடிட்டிங் சாஃப்ட்வேரின் இலவசப் பதிப்பு ஒரு முழுப் படத்தையே வெட்டி முடிக்கப் போதும். காசு கொடுத்து வாங்கும் ஸ்டுடியோ பதிப்புக்கு மட்டும் உரிய எஃபெக்டுகளைத் தொடாதவரை வாட்டர்மார்க் வராது. சிக்கல் உங்கள் லேப்டாப்தான். ரிசால்வுக்கு 16 ஜிபி ராம் இருந்தால்தான் நிம்மதி. 8 ஜிபியில் திறக்கும், ஆனால் திணறும். ஃபுட்டேஜுக்கு பிராக்ஸி (எடை குறைந்த நகல்) போட்டு, டைம்லைனை (ஷாட்களை வரிசையாக அடுக்கும் பட்டை) 720 ரெசல்யூஷனுக்கு இறக்கி, எஃபெக்டுகளுக்கான ஃப்யூஷன் பக்கம் தலைவைக்காமல் இருந்தால் ஓட்டலாம். லேப்டாப்பில் இன்னொரு ஸ்லாட் இருந்தால் எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவுக்கு ஒரு நடை போய் 8 ஜிபி சேர்த்துக்கொள்ளுங்கள், கோர்ஸுக்குக் கட்டுவதை விட உருப்படியான செலவு. அதற்கும் வழியில்லை என்றால் கேடென்லைவ், ஷாட்கட் இரண்டும் இலவசம், எடை குறைவு. எங்கே வெட்டுவது என்று பழக இவை தாராளம். கிராக் பிரீமியர் வேண்டாம். நேர்மை நியாயத்தை ஒரு பக்கம் வைத்துவிடுங்கள், கிராக் ஃபைலோடு வந்த வைரஸ் கடை ஹார்ட் டிஸ்க்கைப் பூட்டிவிட்டால் நான்கு கல்யாணம் போச்சு.

ரிசால்வைச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. பிளாக்மேஜிக் இணையதளத்தில் டிரெய்னிங் என்ற பகுதி இருக்கிறது. அங்கே முழுப் பாடப் புத்தகங்களையே பிடிஎஃப் ஆக இலவசமாகக் கொடுக்கிறார்கள், பாடத்தோடு சேர்த்து வெட்டிப் பழகும் ஃபுட்டேஜையும் தருகிறார்கள். அடிப்படைக்கு ஒரு புத்தகம், எடிட்டருக்கென்று தனியாக ஒன்று, கலருக்கு ஒன்று, சவுண்டுக்கு ஒன்று. நீங்கள் எடிட்டர் புத்தகத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ஃபைல்கள் பெரியவை, மொபைல் டேட்டாவில் இழுக்காமல் கடை பிராட்பேண்டில் இரவோடு இரவாக இறக்கிவிடுங்கள். ஆங்கிலம் புத்தகத்தில் சிரமமாக இருக்காது. "இதைச் சொடுக்கு, அதை இழு" என்ற அளவுதான்.

இனி ரஷ். உங்கள் கடையில் ஒரு புதையல் கிடக்கிறது, நீங்கள் கவனித்த மாதிரி தெரியவில்லை. கல்யாண வீடியோ கடையின் ஹார்ட் டிஸ்க் முழுக்க ரஷ்தானே? முதலாளியிடம் கேட்டு, வெளியே எங்கும் போடமாட்டேன் என்று சொல்லி, ஒரு முகூர்த்தத்தின் இரண்டு கேமரா ஃபுட்டேஜை எடுத்துக்கொள்ளுங்கள். நான்கு நிமிடத்துக்கு வெட்டுங்கள். பாட்டு கூடாது, ஸ்லோ மோஷன் கூடாது, டிசால்வ் (ஒரு ஷாட் கரைந்து அடுத்தது வருவது) கூடாது. ஐயர் குரல், நாதஸ்வரம், கூட்டத்தின் சத்தம் மட்டும். தாலி கட்டும் இடம் வருகிறது. கையிலேயே இருப்பதா, பெண்ணின் அம்மா முகத்துக்குப் போவதா? கெட்டிமேளம் எழுந்த பிறகு அம்மாவா, எழுவதற்கு ஒரு விநாடி முன்பே அம்மாவா? அந்த முகத்தில் எவ்வளவு நேரம் நிற்பது, அவர் கண்ணைத் துடைக்கும் வரையா, துடைக்கக் கை எடுக்கும் வரையா? பாட்டு போட்டிருந்தால் இந்தக் கேள்வி எதுவும் வந்திருக்காது. தாளத்துக்கு வெட்டிவிட்டு டீ குடிக்கப் போயிருப்பீர்கள்.

வசனக் காட்சி பழக எடிட்ஸ்டாக் என்ற தளம் இருக்கிறது. உண்மையான குறும்படங்களின் வெட்டாத ரஷ்ஷை ஸ்கிரிப்டோடு சேர்த்து, கற்கிறவர்களுக்காகவே விற்கிறார்கள். பெரும்பாலும் காசுதான், அவ்வப்போது இலவசமாகவும் ஏதாவது இருக்கும். டாக்குமென்டரி கை பழக இன்டர்நெட் ஆர்கைவில் பிரெலிங்கர் தொகுப்பைத் தேடுங்கள். பழைய அமெரிக்கத் தொழிற்சாலைப் படங்கள், பள்ளிக்கூடப் பாடப் படங்கள், விளம்பரங்கள் என்று ஆயிரக்கணக்கில் கிடக்கின்றன. பத்து நிமிடப் படத்தை எடுத்து, அதன் வர்ணனையைத் தூக்கிப் போட்டுவிட்டு, நீங்களே தமிழில் ஒரு நிமிட வர்ணனை எழுதிப் பேசி, அதே காட்சிகளை வைத்து வேறொரு விஷயத்தைச் சொல்லிப் பாருங்கள்.

ஆனால் நான் யாருக்கும் முதலில் கொடுக்கிற பயிற்சி இவை எதுவும் இல்லை. கேரம்.

நம் பக்கத்தில் கேரம் கிளப் இல்லாத பேட்டை ஏது? (2024-இல் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வாங்கிய காசிமா புதுவண்ணாரப்பேட்டைப் பெண்தான்.) ஏதாவது ஒரு கிளப்பில் சொல்லிவிட்டு, ஒரே ஒரு போனை வைத்துக்கொண்டு ஒரு மாலை முழுக்க டபுள்ஸ் ஆட்டத்தை எடுங்கள். ஜோடிக்காரர்கள் எதிரெதிரே உட்கார்ந்திருப்பார்கள், நடுவில் போர்டு, மேலே தொங்கும் லைட்டு. நான்கு முகங்களும் தனித்தனியாக வேண்டும். ஸ்ட்ரைக்கர் வைக்கும் விரல், பாக்கெட் மூலை, பவுடர் தூவும் கை, சுற்றி நின்று வாயில் விரல் வைத்துப் பார்க்கிறவர்கள், நாற்காலி மேல் ஏறி நின்று எடுத்த டாப் ஷாட், எல்லாம் எடுங்கள். கையில் இருப்பது ஒரே போன் என்பதால் ஒரே ஆட்டத்தில் இத்தனையும் கிடைக்காது. ஐந்தாறு ஆட்டத்திலிருந்து எடுத்து ஒரே ஆட்டம் போல இரண்டு நிமிடத்தில் காட்ட வேண்டும். பயிற்சியே அதுதான்.

எடுக்கும்போது இரண்டு சங்கதி. நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். போன் 30 ஃபிரேமில் தானாக ஷட்டர் வைத்துக்கொண்டு எடுத்தால் போர்டு மேல் தொங்கும் லைட்டு விட்டு விட்டு மினுக்கும். 25 ஃபிரேம், ஐம்பதில் ஒரு பங்கு விநாடி ஷட்டர் என்று பூட்டிவிடுங்கள். பிளாக்மேஜிக் கேமரா ஆப், ஓபன் கேமரா இரண்டும் இலவசம், உங்கள் போன் எதை ஏற்கிறதோ அது. இன்னொன்று, போன் வீடியோவில் ஃபிரேம் ரேட் ஒரே சீராக இருக்காது. நீளமான ஷாட்டில் போகப் போக உதடு ஓரிடம், குரல் ஓரிடம் ஆகிவிடும். டைம்லைனுக்குக் கொண்டுவருவதற்கு முன்பே ஷட்டர் என்கோடர் என்ற இலவசக் கருவியில் சீரான 25-க்கு மாற்றிக்கொள்ளுங்கள். லேப்டாப்புக்கும் அது சுமையைக் குறைக்கும்.

வெட்ட உட்கார்ந்ததும் முதலில் இடிக்கப்போவது திசை. ஆடுகிறவர் முதுகுப் பக்கமிருந்து எடுத்த ஷாட்டில் அவருடைய வலது பாக்கெட் திரையில் வலப்பக்கம் இருக்கும். எதிரே நின்று எடுத்ததில் அதே பாக்கெட் இடப்பக்கம் வந்துவிடும். இரண்டையும் அடுத்தடுத்து ஒட்டினால் காயின் எங்கே போனது என்று பார்க்கிறவனுக்குத் தலை சுற்றும். கேமரா எப்போதும் ஒரே பக்கம் நிற்க வேண்டும் என்ற விதியை 180 டிகிரி கோடு என்று எல்லா டுடோரியலிலும் படம் போட்டுச் சொல்வார்கள், மண்டையில் ஏறாது. இங்கே ஒரே மாலையில் ஏறிவிடும். திசை குழம்புகிற இடத்தில் டாப் ஷாட்டுக்குப் போய்விட்டு எதிர்ப்பக்கம் வாருங்கள், குழப்பம் தீர்ந்துவிடும். ஏன் தீர்கிறது என்று நீங்களே யோசியுங்கள்.

அடுத்தது விரல் சுண்டுகிற கணம். சுண்டி முடித்த பிறகு வெட்டினால் சவசவ என்று இருக்கும். சுண்டுவதற்கு முன்பே வெட்டினால் அடி விழுந்த மாதிரியே இருக்காது. விரல் அசையத் தொடங்கி இரண்டு மூன்று ஃபிரேம் ஆனதும் வெட்டி, அடுத்த ஷாட்டில் ஸ்ட்ரைக்கர் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கட்டும். 25 ஃபிரேமில் ஒரு ஃபிரேம் என்பது 40 மில்லிசெகண்ட். கண் அதைப் பிடிக்காது என்று நினைப்பீர்கள், பிடிக்கும். வெட்டை ஒவ்வொரு ஃபிரேமாக முன்னும் பின்னும் நகர்த்தி, ஒவ்வொரு முறையும் நான்கு விநாடி பின்னால் போய் ஓட்டிப் பாருங்கள். எது சரி என்று வயிற்றில் தெரியும்.

அப்புறம் ரெட், அதாவது சிவப்புக் காயின். ரெட்டைப் போட்டாயிற்று, அது செல்ல அடுத்து ஃபாலோவாகத் தன் காயின் ஒன்றையும் போட வேண்டும். இங்கே காயினைக் காட்ட வேண்டியதே இல்லை. எதிராளி முகத்தில் நில்லுங்கள், ஸ்ட்ரைக்கர் அடிக்கிற சத்தம் அந்த முகத்தின் மேல் விழட்டும். காயின் மரத்தில் உரசி ஓடும் சத்தம், பிறகு வலைக்குள் 'டொக்' என்று விழுகிற சத்தம், அல்லது விழாத மௌனம். எதிராளியின் கண் மட்டும் அசைந்தால் போதும். படம் ஓரிடத்திலும் ஒலி வேறிடத்திலும் இருக்கும் இந்த ஜே கட், எல் கட் சமாச்சாரத்தை டைம்லைன் வரைபடமாகப் படித்தவன் மறந்துவிடுவான். ஃபாலோ விழுந்ததா இல்லையா என்று பக்கத்தில் இருப்பவனைப் பதற வைத்துப் பார்த்தவன் மறக்கமாட்டான்.

ஒரு விளையாட்டும் இதிலேயே இருக்கிறது. எதிராளி சும்மா உட்கார்ந்து போர்டைப் பார்க்கிற ஒரே ஷாட்டை எடுங்கள். ஒரு டைம்லைனில் காயின் விழுகிற ஷாட்டுக்குப் பின் அதை வையுங்கள், இன்னொன்றில் காயின் விளிம்பில் நின்றுவிடுகிற ஷாட்டுக்குப் பின் வையுங்கள். இரண்டையும் விஷயம் தெரியாத ஒருவரிடம் காட்டுங்கள். முதலாவதில் ஆள் நொந்துபோனார் என்பார், இரண்டாவதில் உள்ளுக்குள் சிரிக்கிறார் என்பார். சோவியத் இயக்குநர் லெவ் குலெஷோவ் நூறு வருடத்துக்கு முன்பு செய்து பார்த்தது இதுதான். நடிகர் ஒருவரின் உணர்ச்சி காட்டாத ஒரே முகத்தை சூப் கிண்ணம், சவப்பெட்டி, ஒரு பெண் என்று மூன்றோடு மாற்றி மாற்றி ஒட்டினார். பசி, துக்கம், ஆசை என்று பார்த்தவர்கள் தாங்களாகவே சேர்த்துக்கொண்டார்கள். ஹிட்ச்காக் 1964-இல் கனடா தொலைக்காட்சியில் இதைத் தன் முகத்தை வைத்தே விளக்கிய துண்டு யூடியூபில் கிடைக்கிறது, ஒன்றிரண்டு நிமிடம்தான். கேரம் வெட்டிய பிறகு பாருங்கள், முன்பு வேண்டாம்.

சரி, எடிட்டர்களின் பேச்சுக்கு வருவோம். ஹாலிவுட் எடிட்டர் வால்டர் மர்ச் எழுதிய 'இன் த பிளிங்க் ஆஃப் அன் ஐ' சின்னப் புத்தகம். ஒரு வெட்டு எதற்கெல்லாம் உண்மையாக இருக்க வேண்டும் என்று அவர் சதவீதம் போட்டே சொல்கிறார். உணர்ச்சிக்கு 51, கதைக்கு 23, தாளத்துக்கு 10, கண் எங்கே பார்க்கிறது என்பதற்கு 7, திரையில் இடம்வலம் மாறாமல் இருப்பதற்கு 5, இடத்தின் தொடர்ச்சிக்கு 4. கால்குலேட்டர் வைத்துக்கொள்ளச் சொல்லவில்லை, எல்லாம் ஒன்றாகக் கிடைக்காதபோது கீழே இருப்பதை விட்டுக்கொடு, மேலே இருப்பதை விடாதே என்கிறார். உங்கள் கேரம் சீனில் முகம் அற்புதமாக இருக்கும் ஷாட்டில் போர்டு மேல் காயின் எண்ணிக்கை மாறியிருக்கும். முகத்தை வையுங்கள். உணர்ச்சிதான் கணக்கில் பாதிக்கு மேல், இடத்தின் தொடர்ச்சி வெறும் 4. மர்ச்சின் நீளமான உரைகளும் யூடியூபில் உண்டு.

எவ்ரி ஃபிரேம் எ பெயின்டிங் என்ற சேனலில் டோனி ஜோவும் டெய்லர் ராமோஸும் போட்ட வீடியோ கட்டுரைகளைத் தவறவிடாதீர்கள். ஒரு எடிட்டர் எப்படி யோசிக்கிறார், எப்படி உணர்கிறார் என்று 2016-இல் போட்டது ஒன்று உண்டு, அதில் தொடங்குங்கள். வீடியோ கட்டுரை என்ற பெயரில் இன்று வருவதில் பாதி கதைச் சுருக்கம்தான், இவர்களுடையது அப்படியில்லை. ஷாட் எப்போது தொடங்கி எப்போது முடிகிறது என்று நிறுத்தி நிறுத்திக் காட்டுவார்கள். திஸ் கை எடிட்ஸ் சேனலில் ஸ்வென் பேப் தன் டைம்லைனையே திறந்து வைத்துக்கொண்டு பேசுவார். கான் அகாடமியில் பிக்சார் இன் எ பாக்ஸ் என்று ஒரு இலவசப் பாடத்தொகுதி இருக்கிறது. அதில் திரைமொழி பற்றிய பகுதி எளிமையான ஆங்கிலம், பள்ளிப் பிள்ளைகளுக்கென்று செய்தது. அதற்காக வெட்கப்பட வேண்டாம்.

எனக்கு இவை எல்லாவற்றிலும் பெரிய சொத்தாகத் தெரிவது ஸ்டீவ் ஹல்ஃபிஷ் நடத்தும் ஆர்ட் ஆஃப் த கட். வேலையில் இருக்கும் எடிட்டர்களோடு மணிக்கணக்கில் பேட்டி. புகழ்ச்சி கிடையாது, "ரஷ்ஷை எந்த வரிசையில் பார்ப்பீர்கள், முதல் அசெம்பிளி (எல்லா சீனையும் ஒட்டிய முதல் வடிவம்) எத்தனை மணி நேரம் வந்தது, எந்த சீனைத் தூக்கினீர்கள்" என்ற மாதிரி கேள்விகள். பாட்காஸ்டாகவும் இருக்கிறது, எழுத்தாகவும் இருக்கிறது. ஆங்கிலம் சுமார் என்றால் எழுத்தில் படியுங்கள், ஒரு பேட்டியை ஒரு வாரம் வைத்துக்கொண்டாலும் தவறில்லை. வீடியோ பார்க்கும்போது யூடியூபின் ஆங்கில சப்டைட்டிலைப் போட்டு வேகத்தை முக்கால் ஆக்குங்கள். தானாக வரும் தமிழ் மொழிபெயர்ப்பை நம்பாதீர்கள், 'கட்' என்ற சொல்லை அது படுத்துகிற பாட்டைப் பார்த்தால் சிரிப்புதான் வரும்.

தமிழில் பட்டன் பாடம் கொட்டிக் கிடக்கிறது, கலைப் பாடம் குறைவு. அதற்குப் பதில் நம் எடிட்டர்களின் பேட்டிகளைத் தேடுங்கள். பி. லெனின் பேச்சு எங்கே கிடைத்தாலும் கேளுங்கள். ஃபிலிமைக் கையால் வெட்டி ஒட்டிய தலைமுறை, ஒவ்வொரு வெட்டையும் யோசித்துத்தான் போட்டாக வேண்டிய காலம் அது. ஸ்ரீகர் பிரசாத் பல மொழிகளில் வெட்டிப் பல முறை தேசிய விருது வாங்கியவர், ஒரு சீனில் யாருடைய பக்கம் நிற்பது என்பதை நிதானமாகப் பேசுவார். பேட்டி எடுப்பவர் ஹீரோவைப் பற்றிக் கேட்கும் பகுதியை ஓட்டிவிட்டு, வேலையைப் பற்றிப் பேசும் பத்து நிமிடத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

ஒரு சங்கதியை இணையம் தராது, பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கிற ஆள். வெட்டி முடித்ததும் வீட்டிலோ கடையிலோ யாரையாவது உட்கார வைத்து ஓட்டுங்கள். திரையைப் பார்க்காதீர்கள், அவர் முகத்தைப் பாருங்கள். எங்கே போனை எடுக்கிறாரோ அந்த இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். "நல்லா இருக்குப்பா" என்ற சர்டிபிகேட்டை நம்ப வேண்டாம்.

பணம் கட்டும் கோர்ஸ் பற்றி. மூன்று மாதத்தில் எடிட்டர், வேலைக்கு உத்தரவாதம் என்று போர்டு வைக்கிற இடங்களில் கட்டும் தொகைக்கு நீங்கள் ஏற்கெனவே தெரிந்த பட்டனைத்தான் மறுபடி சொல்லித் தருவார்கள். பிளஸ் டூ முடித்து, வயதும் ஒத்து வந்தால் தரமணியில் இருக்கும் அரசு எம்.ஜி.ஆர். திரைப்பட, தொலைக்காட்சிப் பயிற்சி நிறுவனத்தின் எடிட்டிங் பட்டப்படிப்புக்கு விண்ணப்பியுங்கள். நான்கு வருடம், அரசுக் கட்டணம், கூடப் படிக்கிற கேமராமேனும் டைரக்டரும்தான் நாளைக்கு உங்களைக் கூப்பிடப் போகிறவர்கள். புனே திரைப்பட நிறுவனமும் குறுகிய காலப் படிப்புகள் நடத்துகிறது, இணையவழியிலும் சில வரும். அவர்கள் தளத்தைப் பார்த்துக்கொண்டிருங்கள்.

சான்றிதழ் எந்த எடிட் ரூமிலும் யாரும் என் எதிரே கேட்டதில்லை. பிளாக்மேஜிக் பாடத்தை முடித்தால் ஆன்லைன் தேர்வெழுதி ஒன்று வாங்கலாம், வீட்டில் காட்ட ஆகும். அசிஸ்டென்டாகச் சேர வருகிறவரிடம் கேட்பது வேறு. கிளாப்பைப் பார்த்து சவுண்டை சிங்க் பண்ணத் தெரியுமா, ஷூட்டிங் ரிப்போர்ட் ஷீட்டை வைத்து லைனப் (ஷாட்களை சீன் வரிசையில் அடுக்குவது) பண்ணத் தெரியுமா, சவுண்டு வேலைக்கு ஏஏஎஃப் ஃபைல், கலர் பார்க்கும் டிஐ வேலைக்கு எக்ஸ்எம்எல் ஃபைல் எடுத்துக் கொடுக்கத் தெரியுமா, பேக்கப் எங்கே இருக்கிறது என்று நள்ளிரவில் கேட்டாலும் சொல்வாயா. இந்த நான்கையும் ரிசால்விலேயே பழகலாம். பெரிய படங்களில் ஆவிட்டும் பிரீமியரும் புழங்குகின்றன, சிங்க்கும் லைனப்பும் புரிந்தவனுக்கு சாஃப்ட்வேர் மாறுவது சில வாரத்து வேலை. சினிமாத் தொழிலாளர்களின் கூட்டமைப்பான ஃபெப்சியில் எடிட்டர்களுக்குத் தனிச் சங்கம் இருக்கிறது, உறுப்பினர் கார்டு விவகாரமெல்லாம் ஒரு எடிட்டரிடம் சேர்ந்த பிறகு அவர் மூலமாகத்தான் நடக்கும். இப்போதே அதைப் போட்டு மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம்.

எடிட்டர்களைத் தேடிப் போகும்போது ஷோரீல் என்று பாட்டு போட்டு வெட்டிய துண்டுகளைக் கொண்டுபோகாதீர்கள். கேரம் இரண்டு நிமிடத்தை எடுத்துப் போங்கள். கூடவே, எடுத்த ரஷ் முழுவதையும் ஒரு பென் டிரைவில் ஃபோல்டர் பிரித்து, ஷாட் பெயர் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். வெட்டைப் பார்த்துவிட்டு "இந்த இடத்துக்கு வேற என்ன ஷாட் இருந்துச்சு?" என்றுதான் கேட்பார்கள். அப்போது உடனே திறந்து காட்ட வேண்டும். ஃபைல் பெயரில் 'ஃபைனல்', 'ஃபைனல் நியூ', 'ஃபைனல் ஓகே' என்று இருந்தால் அங்கேயே சிரித்துவிடுவார்கள், தேதியும் வெர்ஷன் எண்ணும் போட்டு வையுங்கள்.